ஓவன்ல மொறுமொறு டோஃபு: அக்கா சொல்றேன், கேளு!

மசாலா என்ன போடலாம்னுதான் நீ முதல்ல கேட்கறே. மசாலாவை அப்புறம் பார்த்துக்கலாம்டி. டோஃபு ஓவன்ல மொறுமொறுன்னு வரணும்னா நீ கவனிக்க வேண்டியது தண்ணியைத்தான். கடையில வாங்கற டோஃபு கட்டியில முக்கால் பங்கு, சிலதுல அதுக்கும் மேலேயே தண்ணிதான். அந்த ஈரம் மேல நிக்கற வரைக்கும் நீ ஓவனை 200 டிகிரியில வெச்சாலும் சரி, 220ல வெச்சாலும் சரி, டோஃபுவோட மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. இருக்கற சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே செலவாயிடும். ஈரம் காஞ்ச பிறகுதான் மேல்பக்கம் இன்னும் சூடேறி, 140 டிகிரி வாக்குல சிவக்க ஆரம்பிக்கும். வாசம், நிறம், மொறுமொறுப்பு எல்லாம் அதுக்கப்புறம் வர்ற சமாசாரம்.

முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடறேன். எண்ணெய்ல முங்கிப் பொரிச்ச பக்கோடாவோட மொறுமொறுப்பு இதுல வராது, வரும்னு சொல்றவங்களை நம்பாதே. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல சூட்டை ஏத்திடும். ஓவன்ல அந்த வேலையைக் காத்து செய்யணும், அது மெதுவாத்தான் செய்யும். இதுல கிடைக்கறது மெல்லிசா ஒரு மொறு தோல், உள்ளே மெத்துனு, கொஞ்சம் கடிச்சுத் தின்னற பதம். 200 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் போதும். அடுப்புக்கு முன்னாடி நிக்க வேண்டாம். பொரிச்ச எண்ணெயை என்ன பண்றதுன்னு யோசிக்கவும் வேண்டாம். சாயங்கால நேரத்துல எனக்கு அது பெரிய விஷயம்.

கடையில என்ன பார்க்கணும்

சூப்பர்மார்க்கெட்ல பனீர் வெச்சிருக்கற ஃபிரிட்ஜ்லதான் இதுவும் இருக்கும். சில பாக்கெட்ல சோயா பனீர்னு போட்டிருப்பாங்க, அதுவும் டோஃபுதான். சில்க்கன்னு எழுதியிருந்தா திருப்பி வெச்சிடு. அது சூப்புக்கும் ஸ்மூத்திக்கும் சரி, ட்ரேயில வெச்சா கூழாயிடும். ஃபர்ம், எக்ஸ்ட்ரா ஃபர்ம்னு இருக்கறதை எடு. தண்ணியில மிதக்கற பாக்கெட்டைவிட, தண்ணியே இல்லாம இறுக்கமா வேக்யூம் பேக் பண்ணினது நமக்கு நல்லது. பாதி வேலையை அவங்களே முடிச்சுக் கொடுத்திருப்பாங்க.

லேபிள்ல எக்ஸ்ட்ரா ஃபர்ம்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பி வாங்காதே. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பாக்கெட்டைத் திருப்பி, 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவுன்னு பாரு. 8, 9 கிராம்னு இருந்தா தண்ணி ஜாஸ்தி. 14, 15னு இருந்தா கெட்டியான சரக்கு. ரெண்டும் ஒரே விலைன்னா எதை எடுக்கணும்னு உனக்கே தெரியும். பாக்கெட் உப்பியிருந்தா வேண்டாம். பிரிச்சதும் புளிச்ச வாடையோ, தொட்டா வழவழப்போ இருந்தா யோசிக்காம தூக்கிப் போடு. பாதி மீந்தா டப்பாவுல முங்கற அளவு தண்ணி ஊத்தி ஃபிரிட்ஜ்ல வை, தினமும் தண்ணியை மாத்து, மூணு நாளைக்குள்ள முடிச்சிடு.

வீட்டிலேயே சோயா பால் எடுத்து எலுமிச்சை விட்டுத் திரிச்சும் செய்யலாம். ஆனா பாலை நல்லாக் கொதிக்க விடணும், பச்சை சோயா பால் வயித்துக்கு ஆகாது. எலுமிச்சையில திரிச்சது கொஞ்சம் உதிரி உதிரியா வரும். அதனால ஸ்நாக்ஸுக்குக் கடைச் சரக்கே போதும்ங்கறது என் கட்சி.

தண்ணியை வெளியேத்தற வேலை

இதுக்கு மூணு வழி இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யணும்னு இல்லை, கையில இருக்கற நேரத்தைப் பொறுத்து ஒண்ணை எடுத்துக்கோ.

முதல் வழி எல்லாருக்கும் தெரிஞ்சது, பாரம் வைக்கறது. கட்டியைக் குறுக்கால ரெண்டு பலகையா வெட்டிடு. முழுசா வெச்சா நடுவுல இருக்கற தண்ணி வெளிய வரவே வராது. சுத்தமான பழைய பருத்தித் துணியில மடிச்சு, ஒரு தட்டு மேல வெச்சு, அதுமேல தோசைக்கல்லை வை. தோசைக்கல் போதலைன்னா அதுமேல பருப்பு டப்பாவை ஏத்து. 20 நிமிஷம் போதும். அம்மிக்குழவியைத் தூக்கி வைக்காதே, ஓரம் வெடிச்சு நொறுங்கிடும். டர்க்கி டவலும் வேண்டாம், நூல் ஒட்டிக்கும். இந்த வழி கெட்டி டோஃபுவுக்குச் சரியா வரும், ஆனா உள்ளே உப்பு இறங்காது.

ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. கேட்டா உனக்குச் சிரிப்பு வரும்: தண்ணியை எடுக்கறதுக்குத் தண்ணி ஊத்தறது. டோஃபுவைத் துண்டு போட்டு ஒரு அகலப் பாத்திரத்துல பரப்பு. மூணு டம்ளர் தண்ணியில ரெண்டு டீஸ்பூன் உப்பு போட்டு, தளதளன்னு கொதிச்சதும் துண்டுகள் மேல ஊத்து. 15 நிமிஷம் அப்படியே விடு. சூட்டுல புரதம் இறுகி, மேல்பக்கத்துல இருக்கற தண்ணியைத் தானே வெளிய தள்ளும். உப்பும் கொஞ்சம் உள்ளே போகும். வடிச்சுத் துணியில பரப்பினா, துண்டு சூடா இருக்கறதால மீதி ஈரமும் தானே ஆவியாயிடும். பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழே விடு. தொட்டா விரல்ல ஈரம் ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. டோஃபு சப்புனு இருக்கு, மசாலா மேலோட நிக்குதுன்னு உன் வீட்டுக்காரர் குறை சொல்றார்னு சொன்னியே, அதுக்கும் மருந்து இந்த உப்புத் தண்ணிதான். இப்படிச் செஞ்சா அப்புறம் மாவுல உப்பு போடாதே.

மூணாவது ஃப்ரீசர். முந்தின நாள் ராத்திரியே பாக்கெட்டோட ஃப்ரீசர்ல வெச்சிடு. மறுநாள் எடுத்தா மஞ்சளா இருக்கும், கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதே. பனி உருகினதும் பழைய நிறம் வந்திடும். உள்ளே தண்ணி பனிக்கட்டியாகி விரிஞ்சதுல நிறைய ஓட்டை விழுந்திருக்கும். முழுசா உருகின பிறகு ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அமுக்கினா பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச் கணக்கா தண்ணி கொட்டும். ஜப்பான்ல இதே யோசனையைக் கொண்டுபோய், உறைய வெச்சு முழுசா உலர்த்தி, கோயா தோஃபுன்னு வருஷக்கணக்கா வழக்கத்துல வெச்சிருக்காங்க. கோயாங்கறது அங்க ஒரு மலையோட பேர். ஃப்ரீசர்ல வெச்சது மெல்லறதுக்குக் கொஞ்சம் கெட்டியா, நாரோட்டமா இருக்கும். மசாலாவையும் நல்லா இழுத்துக்கும். உன் வீட்டுல பெரியவங்களுக்குப் பிடிக்கும். பாப்பாவுக்கு வெந்நீர் வழியே நல்லது, உள்ளே மெதுவா இருக்கும்.

இன்னொண்ணு. மொறுமொறுப்பு வேணும்னா மோர், தயிர், சோயா சாஸ்னு ஈரமான எதுலயும் மணிக்கணக்குல ஊற வைக்காதே. இப்பத்தான் இவ்வளவு பாடுபட்டுத் தண்ணியை வெளிய எடுத்திருக்கே, அதைத் திரும்பவும் உள்ளே விடுவானேன்?

வெட்டறதா, பிய்க்கறதா

விருந்தாளி வர்றாங்க, அழகா இருக்கணும்னா ரெண்டு சென்டிமீட்டர் சதுரமா வெட்டு. நம்ம வீட்டுக்குள்ளதான்னா கையால பிய்ச்சுப் போடு. பிய்ச்ச துண்டுல மேடும் பள்ளமும் ஓரமும் நிறைய இருக்கும். மாவு அதுல நல்லாப் பிடிக்கும், ஓரம் முதல்ல சிவக்கும். ருசியில பிய்ச்சதுக்கே என் ஓட்டு. சிப்ஸ் மாதிரி வரட்டும்னு ரொம்ப மெல்லிசா சீவாதே. அது மொறுமொறுப்பாகறதுக்கு முன்னாடியே வறண்டு தோலாயிடும், பல்லுக்குத்தான் வேலை.

மாவு

200 கிராம் டோஃபுவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், ரெண்டு டீஸ்பூன் அரிசி மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய். கார்ன்ஃப்ளார் மிச்சம் இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டு மெல்லிசா ஒரு படலமா ஒட்டிக்கும். அரிசி மாவு அதுக்குக் கரகரப்பு கொடுக்கும், பஜ்ஜி மாவுல நம்ம அம்மா ஒரு கரண்டி சேர்ப்பாங்களே, அதே காரணம்தான். அரிசி மாவை மட்டும் போட்டுடலாமேன்னு தோணும். ஓவன்ல அது நறநறன்னு பல்லுல படும். மைதா வேண்டவே வேண்டாம், சவசவன்னு ஆயிடும். கடலை மாவு ருசிதான், ஆனா பச்சை வாடை போக நேரமாகும். போட்டே ஆகணும்னா லேசா வறுத்துட்டுப் போடு.

வரிசை முக்கியம். முதல்ல டோஃபு மேல எண்ணெயில பாதியை விட்டுக் குலுக்கு, உப்புத் தண்ணி வழி செய்யலைன்னா அரை டீஸ்பூன் உப்பும் இப்பவே. அப்புறம் ரெண்டு மாவையும் கலந்து மேல தூவி, கரண்டி போடாம பாத்திரத்தையே குலுக்கு. கரண்டி பட்டா ஓரம் உடையும். கடைசியா மீதி எண்ணெயை விட்டு, வெள்ளையா மாவு எங்கேயும் தெரியாத வரைக்கும் இன்னும் ரெண்டு குலுக்கு. எண்ணெய் படாத மாவு ஓவன்ல எவ்வளவு நேரம் இருந்தாலும் வெள்ளைத் திட்டாவே நிக்கும், வாயில வெச்சா சுண்ணாம்பு. சில பேர் எண்ணெயே இல்லாம செய்யறாங்க. உடம்புக்காக அப்படித்தான் வேணும்னா சாப்பிடு, மொறுமொறுப்பை எதிர்பார்க்காதே.

மிளகாய்த்தூள், பூண்டு விழுது, சர்க்கரை, தக்காளி சாஸ் எதையும் இந்தக் கட்டத்துல போடாதே. 200 டிகிரியில அரை மணி நேரம் இருந்தா பூண்டும் மிளகாயும் கருகிக் கசக்கும், சர்க்கரை அதுக்கும் முன்னாடி கருகும். மஞ்சள்தூள், பெருங்காயம், கொரகொரப்பாப் பொடிச்ச மிளகு மட்டும் மாவோட போகலாம். நிறம் வேணும்னா காஷ்மீரி மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்.

ஓவன்ல

உன்கிட்ட இருக்கறது சின்ன ஓடிஜி. மேல், கீழ் ரெண்டு ராடும் எரியற மாதிரி வெச்சு, 200 டிகிரியில 15 நிமிஷம் காலியா சூடு பண்ணு. லைட் அணைஞ்சதும் வெச்சுடலாம்னு அவசரப்படாதே, சின்ன ஓடிஜியில உள்சுவர் சூடேற இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும். ஃபேன் இருக்கற மாடலா இருந்தா போடு, ஈரக் காத்தை அது கலைச்சு விடும். ட்ரேயை நடுத்தட்டுல வை.

ட்ரேயில துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விடு. நீ செய்யறது சரியா வரலைன்னு போன்ல அனுப்பின படத்தைப் பார்த்தேன், ட்ரேயில இண்டு இடுக்கு இல்லாம அடைச்சு வெச்சிருந்தே. ஒண்ணோட ஆவி இன்னொண்ணை அவிச்சிடும், அப்புறம் அது இட்லிப் பாத்திரத்துல வேகறதுக்குச் சமம். 200 கிராமுக்கு ஒரு ட்ரே. 400 கிராம் வேணும்னா ரெண்டு தடவை வை. கரண்ட் செலவை நினைச்சு ஒரே தடவையில முடிக்கப் பார்க்காதே. 1,200 இல்லேன்னா 1,500 வாட் ஓடிஜி முக்கால் மணி நேரம் ஓடினாலும் ராட் விட்டு விட்டுத்தான் எரியும், ஒரு யூனிட் வாக்குலதான் ஆகும். ஆவி சேரும்ங்கற அதே காரணத்துக்காக, சூடு இருக்கேன்னு பக்கத்துல குடமிளகாயையும் வெங்காயத்தையும் சேர்த்து வைக்காதே. அதுங்க விடற தண்ணி உன் டோஃபுவைக் கெடுக்கும். டோஃபுவை எடுத்த பிறகு மீதி சூட்டுல வேர்க்கடலை வறுத்துக்கோ.

ட்ரேயில விரிக்கற பேப்பர் ஓவன்ல வைக்கலாம்னு எழுதியிருக்கற பேக்கிங் பேப்பரா இருக்கணும். பட்டர் பேப்பர்னு விக்கறதுல மெழுகு பூசினதும் உண்டு, அது புகையும். பேப்பரோட ஓரம் ராடைத் தொடாம மடிச்சு விடு. அலுமினியம் ஃபாயில்தான் இருக்குன்னா எண்ணெய் நல்லாத் தடவு, இல்லைன்னா மொறு தோல் ஃபாயில்லயே நின்னுடும். எதுவுமே விரிக்காம கறுப்பு ட்ரேயில நேரா வெச்சா அடிப்பக்கம் இன்னும் நல்லாச் சிவக்கும், தேய்க்கத் தெம்பு இருந்தா செய். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், மெதுவாத்தான் சூடேறும்.

15 நிமிஷம் கழிச்சுத் திருப்பு. திருப்பும்போது துண்டு ட்ரேயை விட்டு வரலைன்னா சுரண்டாதே. அடி இன்னும் காயலைன்னு அர்த்தம், மூடிட்டு மூணு நிமிஷம் கழிச்சு வா, தானே விட்டுக்கொடுக்கும். கதவைத் திறந்ததும் புஸ்ஸுன்னு ஆவி வெளிய வரும், அது போறது நல்லதுதான். முகத்தைத் தள்ளி வெச்சுக்கோ. திருப்பின பிறகு இன்னும் 10, 15 நிமிஷம். மொத்தத்துல 25லேருந்து 30 நிமிஷம்னு வெச்சுக்கோ. ஆனா சின்ன ஓடிஜியில குமிழ் காட்டற டிகிரியும் உள்ளே இருக்கற டிகிரியும் பல நேரம் ஒண்ணா இருக்காது, அதனால கடிகாரத்தைவிடக் கண்ணை நம்பு. ஓரமெல்லாம் தேன் நிறம் வந்து, கரண்டியால தட்டினா டொக்குனு லேசா சத்தம் வரணும். அடி கருகி மேல வெளுத்திருந்தா அடுத்த தடவை ஒரு தட்டு மேல ஏத்து. மேல கருகினா கீழே இறக்கு.

மைக்ரோவேவ்ல செய்யலாமான்னு கேட்பே. கன்வெக்ஷன் இருந்தா, அந்த மோட்ல முன்கூட்டியே சூடு பண்ணி, கம்பி ஸ்டாண்டு மேல தட்டை வெச்சுச் செய்யலாம். சாதா மைக்ரோ மோட்ல வேலைக்கே ஆகாது. அது உள்ளே இருக்கற தண்ணியைச் சூடாக்கி வெளிய தள்ளும், மேல்பக்கம் நனைஞ்சுக்கிட்டே இருக்கும். ஏர் ஃப்ரையர்ல 190 டிகிரி, 12லேருந்து 15 நிமிஷம், நடுவுல ஒரு தடவை குலுக்கு. கேஸ்கெட் கழட்டின குக்கர்ல, உப்பு பரப்பின கடாயில கேக் செய்யற மாதிரி இதையும் செய்யலாம்னு சொல்றாங்க. மூடி போட்ட எதுலயும் ஆவி உள்ளேயே சுத்தும், அதனால கேக் வரும், இது வராது. ஓவனே இல்லாதவங்களுக்குப் பணியாரக் கல் இருக்கே! குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், மூடாம, மிதமான தீயில திருப்பித் திருப்பி விட்டா அருமையாச் சிவக்கும்.

இப்ப மசாலாவுக்கு வா

எடுத்த சூட்டோட, எண்ணெய் மினுமினுப்பு மேல இருக்கும்போதே தூவு. அப்பத்தான் ஒட்டும். நான் அதிகம் செய்யறது இட்லிப் பொடி. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஒண்ணரை டேபிள்ஸ்பூன் பொடி தூவிக் குலுக்கினா பொடி இட்லிக்கு அண்ணன். இன்னொண்ணு வறுத்த மிளகும் சீரகமும் பொடிச்சது. இதுக்குக் கறிவேப்பிலையை ஈரம் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கடைசி மூணு நிமிஷம் மட்டும் ட்ரேயில போடு. முன்னாடியே போட்டா கரியாயிடும். பாப்பாவுக்கு உப்பு, ஒரு சிட்டிகை மிளகு, கொஞ்சம் வறுத்த எள், அவ்வளவுதான். சோயா முதல் தடவை கொடுக்கறேன்னா ஒரு சின்னத் துண்டு கொடுத்துப் பாரு. சில குழந்தைகளுக்குச் சோயா அலர்ஜி உண்டு.

சில்லி டோஃபு வேணும்னா சாஸைத் தனியா வாணலியில கெட்டியாக் காய்ச்சி வை. தட்டுல போடற நிமிஷம்தான் ரெண்டும் சந்திக்கணும். சிங்கப்பூர்ல இந்தியன் ரோஜாக் கடைகள்ல பொரிச்ச தௌக்வாவை, அதாவது கெட்டி டோஃபுவை, வெள்ளரிக்காயோட வெச்சு, காரமும் இனிப்புமா ஒரு கெட்டிக் குழம்பைப் பக்கத்துல தனிக் கிண்ணத்துல கொடுப்பாங்க. தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிடணும். நம்ம வீட்டுல அதுக்கு ஈடா வேர்க்கடலைச் சட்னியைப் புளி, வெல்லம் கொஞ்சம் சேர்த்து அரைச்சுக்கோ.

எடுத்ததும் குவிச்சு வைக்காதே, கம்பி ஸ்டாண்டுல பரப்பு. ஹாட் பேக் பக்கமே போகாதே. அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டாத்தான் மொறுமொறு, மழை நாள்ல அதுவும் தாங்காது. அதனால ஸ்கூல் டப்பாவுல வெச்சு அனுப்பிட்டு, மதியம் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும்னு நினைக்காதே. டப்பாவுக்குன்னா சப்பாத்தியில சுருட்டி, வெங்காயம் தூவி ரோலாக் கொடுத்துடு, மெத்துனு இருந்தாலும் குறை தெரியாது. மீந்ததை ஃபிரிட்ஜ்ல வெச்சா மறுநாள் 180 டிகிரியில ஆறேழு நிமிஷம் சூடு பண்ணு, முக்கால்வாசி திரும்ப வந்திடும்.

அத்தைக்குக் கொடுக்கும்போது ஒண்ணு பார்த்துக்கோ. அவங்க காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடறாங்கல்ல, சோயா அந்த மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கும். சாயங்கால ஸ்நாக்ஸா கொடு, காலை டிஃபனுக்கு வேண்டாம். அடிக்கடி செய்யப் போறேன்னா டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

ட்ரேயில உதிர்ந்து கிடக்கும் பாரு, சின்னச் சின்ன மொறு தூள், அதைத் தட்டிக் கொட்டிடாதே. தயிர் சாதத்து மேல தூவிக்கோ. எங்க வீட்டுல அதுக்குத்தான் சண்டை.